தேறியவரைத் தேடி

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவர், தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சோதனைச் சாவடியைக் கண்டுதான் அறிய வேண்டும். மண்ணில் வேறுபாடு இல்லை; மரத்திலும் இல்லை. மரச்சீனித் தோட்டமும் தென்னந்தோப்பும் இரப்பர்க் காடும் இருபுறமும் ஒன்றுபோலவே தொடர்கின்றன. கடைப்பலகையின் எழுத்து மாறிவிடுகிறது. கடைக்காரரின் பேச்சு மாறுவதற்கு இன்னும் சிறிது தொலைவு ஆகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. அந்தக் கோட்டின் மேற்கே, பாறசாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். உடன்பிறந்தார் மூவர், பிழைப்பு நாடி மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

எங்கள் ஊரில் இருவர் எதிர்ப்பட்டால் முதலில் எழும் சொல் 'சுகமா?' என்பது. தமிழில் கேட்டாலும் சுகம், மலையாளத்தில் கேட்டாலும் சுகம். விடையும் அதுவே: 'சுகம்'. காய்ச்சலில் கிடப்பவரும் சுகம் என்பார்; கடனில் மூழ்கியவரும் சுகம் என்பார். வினா எழுந்த அளவிலேயே விடை வாயில் வந்து நின்றுவிடும். இனிய வழக்கந்தான். ஆனால் இந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் எத்தனை பெரிய உண்மையை இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எங்கள் அன்னையார் மறைந்த பின் ஊரில் எங்களுக்கென எஞ்சியவர் சித்தி ஒருவரே. ஆண்டுக்கு இருமுறை, யாரேனும் உறவினர் மும்பைக்கு இரயிலேறினால், அவர் கையில் ஒரு டின் வந்து சேரும். உள்ளே முந்திரிக்கொத்து. தென்திருவிதாங்கூர்ப் பக்கத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை, ஏனையோர்க்காகச் சொல்கிறோம். சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, கருப்பட்டியோ சர்க்கரையோ பாகு காய்ச்சிக் கலந்து, சூடு ஆறுமுன் உருட்டி, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுப்பது. பாகு ஆறினால் உருண்டை பிடிக்காது; ஆறாவிட்டால் உள்ளங்கை வெந்துபோகும். அந்த இடைப்பட்ட சில நிமிடங்களில் இரு கைகளும் விரைந்து இயங்க வேண்டும். சித்தியின் கைகள் அத்தகையவை.

2022ஆம் ஆண்டில் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் அறுவை நடந்தது; அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். பின்னர்க் கீமோ மருந்தும் கதிர்வீச்சும் தொடர்ந்தன. நாங்கள் முறைவைத்து ஊருக்குச் சென்று உடனிருந்தோம்; பணமும் அனுப்பினோம். சிகிச்சை முடிந்து, 'இனி ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்' என்று மருத்துவர் சொன்ன நாளில், மும்பையில் எங்கள் மூன்று வீடுகளிலும் இனிப்பு வழங்கினோம். 'சித்தி தேறிவிட்டார்' என்று கேட்டவர்க்கெல்லாம் சொன்னோம்.

அதன் பின்னரும் டின் வந்துகொண்டிருந்தது. அதுவே அவர் நலத்திற்குச் சான்று என்று நம்பினோம். உண்மையைச் சொன்னால், சுவை மாறியிருந்தது. உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில், கடைச்சரக்குப் போல் இருந்தன. மூவரும் அதனை உணர்ந்தோம். ஆயினும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. வயதாகிவிட்டது, கைப்பக்குவம் மாறியிருக்கும் என்று அவரவர் உள்ளத்தில் ஒரு சமாதானம் கற்பித்துக்கொண்டோம்.

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றபோது சித்தி திண்ணையில் அமர்ந்து வரவேற்றார். முகத்தில் களை இருந்தது. தலைமுடி மீண்டும் வளர்ந்திருந்தது. ஆனால் இடைவரை நீண்ட பின்னலுக்குப் பேர்போனவர், கழுத்தளவில் கத்தரித்து விட்டிருந்தார். 'இந்த அழகும் நன்றாகத்தான் இருக்கிறது' என்று நாங்கள் நகைத்தோம், அவரும் நகைத்தார். வலத்தோளின் மீது ஒரு துவர்த்து எப்போதும் கிடந்தது. மே மாதப் புழுக்கத்தில் அது எதற்கு என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை, கிணற்றுக் கப்பியின் ஓசை கேட்டு எழுந்து சென்றோம். இருட்டோடு இருட்டாகச் சித்தப்பா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலுள்ள குடங்களையெல்லாம் ஊர் விழிக்குமுன் நிரப்பிவைப்பது இரண்டு ஆண்டுகளாக அவர் வழக்கம் என்று அப்போது அறிந்தோம். அன்றே அடுக்களைப் பரணில் எதையோ தேடப்போக, களியக்காவிளைக் கடை ஒன்றின் பெயர் அச்சிட்ட நெகிழி உறைகள் கட்டாக மடித்து வைத்திருக்கக் கண்டோம். எங்கள் முந்திரிக்கொத்து அந்த உறைகளில் வந்து, பழைய டின்னுக்கு மாறி, மும்பைக்குப் பயணம் செய்திருக்கிறது.

துவர்த்தை விலக்கிப் பார்த்தோம். வலக்கை இடக்கையினும் ஏறக்குறைய இருமடங்கு வீங்கியிருந்தது. இரவிக்கைக் கையின் தையலைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தார். கை தோளுக்கு மேல் எழவில்லை. முடி சீவ முடியாததால்தான், வளர வளரக் கத்தரித்து வந்திருக்கிறார்.

"எதுக்குச் சித்தி எங்ககிட்ட மறைச்சீங்க?" என்று கேட்டோம்.

"மறைக்கல்ல மக்களே. போன்ல சுகமான்னு கேட்டீங்க, சுகம்னு சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் கேட்டாங்க. நோய் திரும்ப வரல்லையே, பின்ன சுகந்தானே? கை எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல்லையே."

அந்தச் சொற்களில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அவை எங்களை நெடுநாள் உறங்கவிடவில்லை.

மும்பைக்குத் திரும்பியபின், எங்கே செல்வது, யாரைக் கேட்பது என்று அலைந்தோம். அலைச்சல் எங்களைப் பரேலுக்குக் கொண்டுவந்தது. புற்றுநோய் என்றால் இந்தியா முழுவதும் நினைவுக்கு வருவது 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை. அதன் அருகிலேயே இருப்பது கே.இ.எம். மருத்துவமனை. 1950ஆம் ஆண்டில், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் என்னும் அம்மையார், 'ஆக்குபேஷனல் தெரபி' கற்பிக்கும் நாட்டின் முதற் பள்ளியை அங்கேதான் தொடங்கினார். எத்தனையோ முறை அந்தத் தெருவைக் கடந்திருக்கிறோம். எங்கள் சித்திக்கு வேண்டியிருந்த ஒரு கலை அந்தச் சுவருக்குள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பிக்கப்பட்டு வருவதை அறியாமலே கடந்திருக்கிறோம்.

அந்தக் கலையைத் தமிழில் செயல்முறை மருத்துவம் என்பர். தொழில்வழிச் சிகிச்சை என்பாரும் உளர். தொழில் என்றவுடன் சம்பளம் பெறும் வேலை என்று மயங்கற்க. ஒருவருடைய நாளை நிரப்புகின்ற செயல் எதுவோ, அது இங்கே தொழில். பல் துலக்குவது தொழில். சேலை கட்டுவது தொழில். பேரனுக்குச் சோறூட்டுவது தொழில். தறி நெய்வதும் தொழில். நோயோ காயமோ அச்செயல்களைப் பறித்துக்கொள்ளும்போது, உடலைப் பழக்கியும், கருவியை மாற்றியும், செய்யும் முறையைத் திருத்தியும், பறிபோனதை இயன்ற அளவு மீட்டுத்தருவது இம்மருத்துவம். தமிழ் மண்ணுக்கும் இந்நெறி புதியதன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியதோடு நில்லாமல், அந்த விரல்கள் மீண்டும் உழைத்துப் பிழைக்கக் கருவிகளையும் பயிற்சியையும் தேடினார். விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அங்கு மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். நோய் நீங்குவது வேறு, வாழ்வு மீள்வது வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மீண்டும் ஊருக்குச் சென்று, சித்தியைத் திருவனந்தபுரத்தில் ஒரு செயல்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இளம்பெண், மலையாளத்தோடு எங்கள் எல்லைத்தமிழும் பேசினார். அவர் 'சுகமா?' என்று கேட்கவில்லை. 'நேற்றுக் காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்' என்றார். சித்தி சொல்லச் சொல்ல, அவர் செய்யாதவற்றின் பட்டியல் தானாகவே வெளிப்பட்டது. முன்பு செய்து இப்போது செய்யாதவற்றுள் உங்களுக்கு மிக வேண்டியவை எவை என்று அடுத்துக் கேட்டார். சித்தி மூன்றைச் சொன்னார்: தண்ணீர் இறைப்பது, முடி பின்னுவது, முந்திரிக்கொத்து உருட்டுவது. ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது என்பதற்கு எத்தனை, அதில் மனநிறைவு எத்தனை என்று சித்தியையே போடச் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் கனடா நாட்டுச் செயல்முறை மருத்துவர்கள் வகுத்த அளவுமுறை இது என்று பின்னர் அறிந்தோம். மருத்துவமனையில் சித்தியிடமிருந்து இரத்தம் எடுத்திருக்கிறார்கள், எடை எடுத்திருக்கிறார்கள், கருத்தை எடுத்தது அன்றுதான் முதல்முறை.

நோயின் இயல்பையும் அவர் விளக்கினார். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும்போதும், அங்கே கதிர்வீச்சுப் படும்போதும், கையிலிருந்து நிணநீர் வடியும் பாதை குறுகிப்போகிறது. அதனால் வரும் வீக்கம் அறுவைக்குச் சில மாதங்களிலும் தோன்றலாம். பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். தொடக்கத்திலேயே கண்டால் கட்டுப்படுத்துவது எளிது. நாட்பட்டால் தோலும் அதன் அடியிலுள்ள திசுவும் தடித்து இறுகிவிடும். 'அந்தக் கையால் ஒன்றும் எடுக்காதே' என்று அக்கம்பக்கத்தார் அன்போடு சொன்ன அறிவுரையைச் சித்தி வேதமாகக் கொண்டிருந்தார். முன்னாளில் மருத்துவ உலகமும் அவ்வாறே எண்ணியது. ஆனால் 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மேற்பார்வையோடு சிறுகச் சிறுகக் கூட்டிச் செய்யும் எடைப்பயிற்சி வீக்கத்தை மிகுவிப்பதில்லை என்றும், வீக்கம் முற்றித் தொல்லைதரும் தருணங்களைக் குறைக்கிறது என்றும் காட்டியது. சித்தியின் தோள் இறுகிப் போனதற்கு நோயைவிட அசையாமை பெருங்காரணம்.

இரு கைகளையும் குறித்த இடங்களில் அளவுநாடாவால் அளந்து எழுதினார்கள். அடுக்கடுக்காகக் கட்டுப்போட்டு வீக்கத்தை வடித்து, பின்னர் இறுக்கமான கையுறை அணிவித்தார்கள். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி, சிறு எடை தூக்கும் பயிற்சி, தோலைப் பேணும் முறை ஆகியவற்றைக் கற்பித்தார்கள். வீட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. பரணில் இருந்த பாத்திரங்கள் இடுப்பளவு உயரத்திற்கு இறங்கின. நின்று செய்த வேலைகள் முக்காலியில் அமர்ந்து செய்பவையாயின. சீப்புக்கு நீண்ட பிடி வந்தது. கிணற்றுக்குச் சிறிய வாளி வந்தது. செலவு மிகுந்த பொருள் கையுறை ஒன்றுதான்; மற்றவையெல்லாம் ஊர்த் தச்சனும் கொல்லனும் செய்து தந்தவை.

வீக்கம் முழுவதும் நீங்கவில்லை. நீங்காது என்றும் சொன்னார்கள். கையுறை வாழ்நாள் துணை. ஆயினும் ஆறு மாதங்களில் சித்தியின் கை தலைக்கு எழுந்தது. முடியை வளர விட்டிருக்கிறார்.

இங்கே ஒரு வினா எங்களைக் குடைந்தது. சிகிச்சை இருக்கிறது, செய்வோர் இருக்கிறார்கள், வேண்டியவரும் இருக்கிறார். பின் ஏன் இரண்டு ஆண்டுகள் வீணாயின? எவரும் கொடியவர் அல்லர். புற்றுநோய் மருத்துவர் நோய் திரும்பியதா என்று பார்க்கிறார். அவர் கடமை அது. வாயிலில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். நோயாளியோ உயிர் மீண்டதே பெரிது, கைக்காக வாய் திறப்பது நன்றியின்மை என்று நினைக்கிறார். எல்லைப்புறத்தில் மொழியும் ஒரு தடை. மருத்துவக் குறிப்பு ஆங்கிலத்தில், அறிவிப்பு மலையாளத்தில். சித்திக்குப் படிக்கத் தெரிந்ததோ தமிழ். பேச்சில் மலையாளம் வரும். ஆனால் உடலின் நுண்ணிய வருத்தத்தைச் சொல்லத் தாய்மொழியே வேண்டும். இவ்வாறாக, நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நோய் தேறியவருள் துணை வேண்டுவோரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இல்லை.

கண்டுபிடிப்பது இயலாத செயலா? அன்று. இதே திருவனந்தபுரம் மாவட்டம் உலகுக்கே வழிகாட்டியிருக்கிறது. 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்தின் துணையோடு, 1996ஆம் ஆண்டு தொடங்கி மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் வாய்ப்புற்று ஆய்வு ஒன்று நடைபெற்றது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பை இந்த எளிய சோதனை குறைக்கிறது என்ற முடிவு 2005இல் வெளியாயிற்று. வீடுவீடாகச் சென்று நோயைத் தேட முடியுமானால், வீடுவீடாகச் சென்று தேறியவரைத் தேட முடியாதா?

அதற்கான கால்களும் இருக்கின்றன. கேரள அரசு 2008இல் வலித்தணிப்பு மருத்துவக் கொள்கையை அறிவித்தது. அதன்வழி ஊராட்சிகளின் செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலித்தணிப்பு மருத்துவமும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. ஆஷா பணியாளர்கள் ஒவ்வோர் வீட்டையும் அறிந்தவர்கள். வேண்டுவது கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றே.

சென்ற விடுமுறையில் அந்தக் கேள்விகளோடு நாங்களே சில வீடுகளுக்குச் சென்றோம். மருத்துவம் செய்ய அன்று. உறவினர் என்ற உரிமையில் நலம் விசாரிக்க. பாலராமபுரத்தில் ஒரு நெசவாளர். தமிழகத்திலிருந்து மன்னரால் அழைத்துக் குடியேற்றப்பட்ட சாலியர் மரபினர், வீட்டுமொழி தமிழ். கீமோ மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போய், பாவில் அறுந்த இழையை முடிய முடியாமல் தறியை விட்டிருந்தார். ஊரார் சோம்பல் என்றார்கள். நெய்யாற்றின்கரைக்கு அருகே ஒரு இரப்பர்ப் பால்வெட்டும் தொழிலாளி. வாய்ப்புற்றுக்காகக் கழுத்தில் அறுவை செய்தபின் ஒரு தோள் சரிந்து, கத்தி பிடித்த கை உயரவில்லை. தோளை எழுப்பும் நரம்பு கழுத்தின் வழியே செல்வதால் இவ்வாறு நேர்வதுண்டு. இன்னொருவர் மூன்று ஆண்டுகளாக எந்தத் திருமண விருந்துக்கும் செல்லாதவர். செருக்கு என்று உறவினர் பகைத்தனர். வாய் திறவாமையே காரணம். தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னோம். ஒரு விரலே நுழைந்தது. பிறர் முன்னிலையில் சோறு சிந்துமே என்ற நாணத்தால் மனிதர் உறவையே துறந்திருந்தார்.

இவர்கள் மூவரும் 'சுகம்' என்றுதான் முதலில் சொன்னார்கள்.

ஆகவே அன்பர்களே, ஊரில் உங்கள் வீட்டிலும் புற்றுநோயிலிருந்து தேறியவர் ஒருவர் இருப்பாராயின், தொலைபேசியில் சுகமா என்று கேட்டு அமையாதீர்கள். செயலைக் கேளுங்கள். இன்று தலை சீவியது யார்? இரவிக்கைக் கொக்கியை, சட்டைப் பொத்தானை யார் மாட்டினார்? தண்ணீர் எடுத்தது யார்? இரு கைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா? மோதிரமோ வளையலோ இறுகுகிறதா? செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரிகிறதா? உண்ண எவ்வளவு நேரம் ஆகிறது, யாரோடு அமர்ந்து உண்கிறீர்கள்? உறங்கி எழுந்தும் தீராத களைப்பால் எந்த வேலையைப் பாதியில் விட்டீர்கள்? அடுப்பில் வைத்ததை மறந்தீர்களா? சீட்டுக் கணக்கை இப்போது யார் பார்க்கிறார்? நோய்க்கு முன் செய்து, இப்போது விட்டுவிட்டவற்றுள் மிக ஏங்குவது எதற்கு? தேறிய குழந்தை பள்ளியில் எழுதும் வேகம் முன்போல் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இவற்றுள் ஒன்றிரண்டுக்கு விடை தயங்கி வந்தாலும், அவரைச் செயல்முறை மருத்துவரிடம் அனுப்பும்படி சிகிச்சை செய்த மருத்துவரை நீங்களே வேண்டிக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீங்கிய கை திடீரெனச் சிவந்து, சூடேறி, காய்ச்சல் வந்தால் பயிற்சிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புதிய கட்டியோ புதிய வலியோ புதிய வீக்கமோ தோன்றினால் முதலில் புற்றுநோய் மருத்துவரே பார்க்க வேண்டும். கட்டுப்போடுவதையும் எடை தூக்குவதையும் கேள்விப்பட்டதை வைத்து வீட்டிலேயே தொடங்குவது தீங்காகும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியாரின் உள்ளத்தில் முப்பது ஆண்டுகள் கனன்று, 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையமாக மலர்ந்தது. அவர் காலத்தில் இந்நோய் வந்தவர் பிழைப்பதே அரிது. எனவே உயிரைக் காப்பதே முழுக் கவலையாயிற்று. இன்று பிழைப்போர் தொகை பெருகியிருக்கிறது. பிழைத்தவர் வாழவும் வேண்டுமே என்ற கவலை நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது. பெரிய நிலையங்களை எழுப்ப நம்மால் இயலாதிருக்கலாம். தொலைவிலிருப்பவர்க்கும் இயன்ற பணி சரியான கேள்வியைக் கேட்பது. பணம் அனுப்புவதோடு நம் கடமை தீர்ந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பணம் கட்டணத்தைச் செலுத்தியது; கண் இருந்திருந்தால் சித்தியின் கையைப் பார்த்திருக்கும்.

இவ்வாண்டு டின் வரவில்லை. காரணம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தோம். பயறு வறுத்து வைத்திருக்கிறாராம். பொடிப்பது சித்தப்பாவின் வேலையாம். கையுறையோடு பாகுச் சூட்டில் ஒரு தடவைக்குப் பத்து உருண்டைக்கு மேல் முடியவில்லையாம். அதன்பின் கையைச் சற்று உயர்த்திவைத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அதனால இனி டின்னுல அனுப்ப மாட்டேன்," என்றார் சித்தி. "நீங்க வந்து எங்கூட இருந்து உருட்டுங்க, மக்களே."

பாறசாலைக்கு மூன்று குடும்பத்திற்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம்.